இலட்சியக் கனவும் இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் வாழ்வும்

அல்லாஹ்வின் திருப்பெயரால்...



தமிழில் 'கனவு' என்னும் ஒரே சொல் இரண்டு பொருள்களில் வழங்குகிறது. உறக்கத்தில் காண்பதும் கனவு; விழித்திருக்கும்போது எதிர்காலத்தைக் குறித்து உள்ளத்தில் வளர்த்துக்கொள்ளும் நாட்டமும் கனவு. அரபியில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. உறக்கத்தில் காண்பது 'ருஃயா'. உயர்ந்த ஒன்றை அடைவதற்கு உள்ளம் கொள்ளும் உறுதியான நாட்டம் 'ஹிம்மத்'. உழைப்பு ஏதுமின்றி, இப்படி நடந்தால் நன்றாக இருக்குமே என்று எண்ணி மகிழ்வது 'தமன்னீ'. மனக்கோட்டை கட்டுவது என்று நாம் சொல்வது இந்த மூன்றாவதைத்தான்.

நம் குடும்பங்களில் பிள்ளைகளின் கனவைப் பற்றிப் பேச்சு எழும்போது இவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. "முஃமினுக்கு இந்த உலகில் என்ன கனவு வேண்டியிருக்கிறது? அல்லாஹ் நாடியது நடக்கும்" என்று சிலர் கூறுகின்றனர். அவர்கள் ஹிம்மத்தையும் மனக்கோட்டையாகக் கருதி ஒதுக்கிவிடுகின்றனர். வேறு சிலரோ, பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேரும் முன்பே அவன் வாங்கப்போகும் சம்பளத்தைக் கணக்கிடத் தொடங்கிவிடுகின்றனர். அவர்கள் வயிற்றுப்பாட்டுக்கான ஒரு தேவையை வாழ்வின் இலட்சியமாக ஆக்கிவிடுகின்றனர்.

ஒரு முஃமினின் கனவு எப்படி இருக்க வேண்டும், அது எங்கிருந்து பிறக்கிறது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பவற்றைத் தெளிவாகக் காட்டும் வாழ்க்கை ஒன்று நம் வரலாற்றில் உண்டு. தாம் கண்டிராத ஓர் ஊரின் பெயரை நம் பிள்ளைகள் பலர் தாங்கியிருப்பதற்குக் காரணமான பெருமகனார், இமாம் முஹம்மத் இப்னு இஸ்மாயீல் அல்புகாரி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையே அது.

தந்தை இல்லாத வீடு

இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாரா நகரில் ஹிஜ்ரி 194ஆம் ஆண்டு ஷவ்வால் மாதம் 13ஆம் நாள், வெள்ளிக்கிழமை ஜுமுஆத் தொழுகைக்குப் பின் இமாமவர்கள் பிறந்தார்கள். கிறித்தவ ஆண்டுக் கணக்கில் அது 810. அவர்கள் அரபுக் குலத்தில் பிறந்தவர்கள் அல்லர். முன்னோர்களில் பர்திஸ்பஹ் என்பவர் நெருப்பை வணங்கும் சமயத்தைச் சேர்ந்தவர். அந்தப் பெயருக்கு அவ்வூர் மொழியில் 'உழவர்' என்று பொருள் கூறுவர். பர்திஸ்பஹின் மகன் முஃகீராதான் அக்குடும்பத்தில் முதலில் இஸ்லாத்தைத் தழுவியவர். அரபி மொழியில் அருளப்பட்ட மார்க்கத்தின் இரண்டாவது ஆதாரத்தைத் தொகுத்தளிக்கும் பேறு, ஓர் உழவரின் வழித்தோன்றலுக்கு அல்லாஹ் அளித்தது. "நம் பரம்பரையில் யார் படித்தார்கள்?" என்று கேட்டுப் பின்வாங்குவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

தந்தை இஸ்மாயீல் (ரஹ்) ஹதீஸ் கற்றவர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் செவியுற்றவர். வணிகத்தால் செல்வமும் பெற்றிருந்தார். தம் செல்வத்தில் ஹராமானதோ சந்தேகத்திற்குரியதோ ஆன ஒரு திர்ஹம்கூட இருப்பதாகத் தாம் அறியவில்லை என்று மரணப்படுக்கையில் அவர் கூறியதாக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். இமாமவர்கள் சிறுவராக இருக்கும்போதே தந்தை மறைந்தார். பிற்காலத்தில் இமாமவர்கள் தம் பணத்தை இலாபப் பங்கு அடிப்படையிலான வணிகத்தில் பிறரிடம் கொடுத்துவைத்து, தாம் கல்வியில் முழுமையாக ஈடுபட்டார்கள். பெரும் இலட்சியம் ஒன்றுக்குத் தூய்மையான உணவே முதல் உரமாக அமைந்தது.

தாய் தனித்து நின்று பிள்ளைகளை வளர்த்தார். அந்நிலையில் இன்னொரு சோதனையும் வந்தது. சிறுவர் முஹம்மதின் கண்பார்வை பறிபோயிற்று. தாய் துஆவைக் கைவிடவில்லை. நெடுநாள் அழுது மன்றாடிய பின், ஒரு நாள் இரவு இப்ராஹீம் நபி (அலை) அவர்களைக் கனவில் கண்டார். அவருடைய துஆவின் மிகுதியால் அல்லாஹ் மகனின் பார்வையைத் திருப்பித் தந்துவிட்டான் என்னும் நற்செய்தி அவருக்குக் கூறப்பட்டது. விடிந்தபோது மகனுக்குப் பார்வை மீண்டிருந்தது. இமாமவர்களின் வரலாற்றைக் கூறும் நூல்கள் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றன.

இமாமவர்களின் வாழ்வைப் பற்றிப் பேசும்போது நாம் அவர்களுடைய நினைவாற்றலைப் புகழ்கிறோம். அவருடைய கண்களுக்காக உறங்காதிருந்த தாயின் பெயரை நாம் சொல்லிப் பழகவில்லை. பிள்ளைக்குக் கனவு காணும் வயது வருவதற்கு முன்பே, அப்பிள்ளைக்காகக் கையேந்தும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.

திருத்திய சிறுவரும் திருத்திக்கொண்ட ஆசிரியரும்

பத்து வயதிலேயே ஹதீஸை மனனம் செய்யும் ஆர்வம் தம் உள்ளத்தில் ஊட்டப்பட்டதாக இமாமவர்களே பிற்காலத்தில் கூறியுள்ளார்கள். அதன்பின் தாக்கிலீ என்னும் ஆசிரியரின் அவைக்குச் சென்று வந்தார்கள். ஒரு நாள் அந்த ஆசிரியர் ஓர் அறிவிப்பாளர் தொடரை வாசித்தபோது, அபுஸ் ஸுபைர் என்பவர் இப்ராஹீம் என்பவரிடமிருந்து அறிவித்ததாகக் கூறினார். அபுஸ் ஸுபைர் இப்ராஹீமிடமிருந்து அறிவித்ததில்லையே என்று சிறுவர் எழுந்து சொன்னார். ஆசிரியர் அதட்டினார். மூலப் பிரதி இருந்தால் பார்க்குமாறு சிறுவர் பணிவுடன் வேண்டினார்.

ஆசிரியர் உள்ளே சென்று பார்த்துவிட்டுத் திரும்பினார். அப்படியென்றால் அது யார் என்று சிறுவரிடமே கேட்டார். அது ஸுபைர் இப்னு அதீ என்று பதில் வந்தது. ஆசிரியர் எழுதுகோலை வாங்கித் தம் பிரதியைத் திருத்திக்கொண்டார். சிறுவர் சொன்னதே சரி என்று அவையினர் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். அப்போது சிறுவரின் வயது 11.

ஆசிரியர் பணியில் இருப்பவர்கள் இந்நிகழ்ச்சியில் தாக்கிலீ அவர்களையே அதிகம் கவனிக்க வேண்டும். "பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாதே" என்று சொல்லி அவர் அந்தச் சிறுவரை அமர வைத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதட்டியது உண்மை, ஆயினும் உள்ளே சென்று ஏட்டைப் பார்த்தார். அந்தச் சில அடிகள் ஒரு சிறுவரின் உள்ளத்தில் மலர்ந்த ஆர்வத்தைக் காத்தன.

பதினாறு வயதிற்குள் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்), வகீஉ (ரஹ்) ஆகியோரின் நூல்களை மனனம் செய்து முடித்தார்கள். பின்னர்த் தாயுடனும் சகோதரர் அஹ்மதுடனும் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். ஹஜ் முடிந்ததும் தாயும் சகோதரரும் புகாராவுக்குத் திரும்பினர். இமாமவர்கள் ஹதீஸ் கற்பதற்காக மக்காவிலேயே தங்கிவிட்டார்கள். எந்தக் கண்களுக்காக அழுதாரோ, அந்தக் கண்களைக் கல்வியின் பாதையில் விட்டுவிட்டு அத்தாய் ஊர் திரும்பினார். பிள்ளையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை எந்தத் தாய்க்குத்தான் இல்லை? அந்த ஆசையைவிடப் பெரிய ஒன்றுக்காக அவர் அதை விட்டுக்கொடுத்தார்.

பதினெட்டாம் வயதில் மதீனாவில், நபி (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்திற்கு அருகே, நிலவொளி வீசிய இரவுகளில் அறிவிப்பாளர்களின் வரலாற்றைக் கூறும் 'அத்தாரீக்குல் கபீர்' நூலை எழுதினார்கள். பஸ்ரா, கூஃபா, பக்தாத், ஷாம், மிஸ்ர், பல்க், நைஸாபூர் என அவர்களுடைய பயணம் விரிந்தது. தாம் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் எழுதியதாக அவர்களே கூறியுள்ளார்கள்.

அவையில் பிறந்த ஒரு விருப்பம்

இவ்வளவு கற்றும், இந்தக் கல்வி எதற்காக என்பது ஒரு நாள் ஓர் அவையில்தான் முழுமையாகத் தெளிவாயிற்று.

அக்காலத்தில் ஹதீஸ் நூல்கள் பல இருந்தன. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவற்றில் வலுவான அறிவிப்புகளும் பலவீனமானவையும் கலந்திருந்தன. 'முஸ்னத்' வகை நூல்களில் ஹதீஸ்கள் அறிவித்த நபித்தோழரின் பெயர் வரிசையில் அமைந்திருந்தன. ஒரு சட்டத்தைத் தேடுபவர் முழு நூலையும் புரட்ட வேண்டும். கிடைத்தது வலுவானதா என்பதையும் அவரே ஆராய வேண்டும். அறிஞர்களுக்கே கடினமான அந்தப் பணி பாமர மக்களுக்கு இயலாத ஒன்று.

இமாமவர்களின் ஆசிரியர்களுள் ஒருவரான இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி (ரஹ்) தாமும் ஒரு முஸ்னதைத் தொகுத்தவர். அந்தக் குறையை அவர் நன்கு அறிந்திருந்தார். ஒரு நாள் அவையில், நபி (ஸல்) அவர்களின் வழிமுறைகளில் வலுவானவற்றை மட்டும் திரட்டிச் சுருக்கமான நூல் ஒன்றை உங்களில் எவரேனும் தொகுத்தால் நன்றாயிருக்குமே என்று கூறினார்.

அது எவருக்கும் இட்ட கட்டளை அன்று. அவையில் இருந்த அனைவர் காதிலும் விழுந்த ஒரு விருப்பம். பலர் கேட்டுவிட்டு எழுந்து சென்றிருப்பர். அந்தச் சொல் தம் உள்ளத்தில் விழுந்துவிட்டதாகவும், அந்நூலைத் தொகுக்கத் தொடங்கிவிட்டதாகவும் இமாமவர்கள் கூறியுள்ளார்கள்.

உறக்கத்தில் கண்ட ஒரு கனவும் அவர்களைத் தூண்டியது. நபி (ஸல்) அவர்களின் முன் தாம் கையில் விசிறியுடன் நின்று, ஈக்கள் அண்டாமல் விரட்டுவதாகக் கண்டார்கள். கனவுக்கு விளக்கம் கூறுவோரிடம் கேட்டபோது, நபியவர்களின் பெயரால் கூறப்படும் பொய்களை நீங்கள் விரட்டுவீர்கள் என்று பதில் கிடைத்தது.

தாயின் கனவு கண்ணொளியைப் பற்றியது. மகனின் கனவு அந்தக் கண்களால் செய்ய வேண்டிய பணியைப் பற்றியது. ருஃயா அல்லாஹ் அளிக்கும் நற்செய்தி. ஆனால் அந்த நற்செய்தியைக் கண்டு மகிழ்ந்து அமர்ந்துவிட்டால் நூல் எழுதப்பட்டிராது. உறக்கத்தில் கண்ட விசிறியை விழித்தெழுந்து கையில் எடுத்தார்களே, அதுதான் ஹிம்மத்.

பதினாறு ஆண்டுகள்

அந்த நூலைத் தொகுக்க 16 ஆண்டுகள் ஆயின. தொகுத்து முடித்ததும் அதை யஹ்யா இப்னு மயீன் (ரஹ்) உள்ளிட்ட மூத்த அறிஞர்களிடம் காட்டியதாக ஒரு பதிவு உண்டு. யஹ்யா ஹிஜ்ரி 233இல் மறைந்தவர். அதை வைத்துக் கணக்கிட்டால், தொடங்கும்போது இமாமவர்களுக்கு ஏறத்தாழ 23 வயது. நம் பிள்ளைகள் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று திகைத்து நிற்கும் வயது அது.

ஆறு இலட்சம் அறிவிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்ததாக இமாமவர்கள் கூறியுள்ளார்கள். இந்த எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே ஹதீஸ் பத்து வழிகளில் வந்தால் ஹதீஸ்கலையில் அதைப் பத்தாகவே எண்ணுவர். ஆகவே ஆறு இலட்சம் என்பது ஆறு இலட்சம் வெவ்வேறு செய்திகள் அல்ல. நூலில் இடம்பெறாதவை அனைத்தும் பொய்யானவையும் அல்ல. நூல் நீண்டுவிடும் என்பதற்காக வலுவான பலவற்றையும் விட்டுவிட்டதாக அவர்களே தெளிவுபடுத்தியுள்ளார்கள். நூலில் இடம்பெற்றவை, திரும்ப வருபவற்றையும் சேர்த்து 7,275 என்பது இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்களின் கணக்கு.

ஒரு ஹதீஸை ஏற்க வேண்டுமானால் தொடரில் உள்ள ஒவ்வொருவரும் நேர்மையும் நினைவாற்றலும் உடையவராக இருக்க வேண்டும். அறிவித்தவரும் அவருடைய ஆசிரியரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள் என்பது மட்டும் போதாது. அவர்கள் சந்தித்தார்கள் என்பதும் உறுதியாக வேண்டும். இத்தனை ஆய்வுக்குப் பின்னரும், ஒவ்வொரு ஹதீஸையும் பதிவு செய்யும் முன் குளித்து, இரண்டு ரக்அத் தொழுதார்கள். திறமை இருந்தது, ஆயினும் திறமையை மட்டும் நம்பவில்லை.

அவர்களுடன் பயணங்களில் தங்கியிருந்த எழுத்தர் முஹம்மத் இப்னு அபீ ஹாத்திம் ஒரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். ஒரே இரவில் பதினைந்து, இருபது முறை இமாமவர்கள் எழுவார்கள். சிக்கிமுக்கிக் கல்லால் நெருப்பு உண்டாக்கி விளக்கேற்றி, ஹதீஸ்களில் குறிப்பு இட்டுவிட்டு மீண்டும் தலைசாய்ப்பார்கள். என்னை எழுப்பியிருக்கலாமே என்று எழுத்தர் கேட்டபோது, நீ இளைஞன், உன் உறக்கத்தைக் கெடுக்க நான் விரும்பவில்லை என்னும் கருத்தில் பதிலளித்தார்கள். தம் இலட்சியத்தின் சுமையைப் பக்கத்தில் உறங்குபவர்மீது ஏற்றாத பண்பு அது. இலட்சியத்தின் பெயரால் வீட்டாரை வாட்டுவோருக்கு இதில் படிப்பினை உண்டு.

வறுமையும் வந்தது. அஸ்கலானில் இருந்த ஆதம் இப்னு அபீ இயாஸ் (ரஹ்) அவர்களிடம் கற்கச் சென்றபோது, ஊரிலிருந்து வரவேண்டிய பணம் தாமதமாயிற்று. எவரிடமும் கேட்காமல் புல் பூண்டுகளைத் தின்று நாட்களைக் கழித்தார்கள். மூன்றாம் நாள் முன்பின் அறியாத ஒருவர் வந்து பொற்காசுப் பை ஒன்றைக் கொடுத்துச் சென்றார்.

கனவு நிறைவேறிய பின்

"இலட்சியம் கொண்டு உழைத்தால் வாழ்வில் உயரலாம்" என்று பேச்சாளர்கள் கூறுவதுண்டு. இமாமவர்களின் இறுதிக் காலம் அந்த எளிய கணக்கிற்குள் அடங்காது.

நூல் முடிந்தது, புகழ் பரவியது. நைஸாபூருக்குச் சென்றபோது மக்கள் திரண்டு வரவேற்றார்கள். ஆனால் குர்ஆனை ஓதும் நம் உச்சரிப்பு படைக்கப்பட்டதா என்னும் நுட்பமான கேள்வி அங்கே பெரும் பிணக்காக மாறிற்று. அவ்வூரின் மாபெரும் அறிஞரான முஹம்மத் இப்னு யஹ்யா அத்துஹ்லீ (ரஹ்) எதிர்த்து நின்றார். அவையிலிருந்து மக்கள் விலகினர். இமாமவர்கள் அவ்வூரை விட்டு வெளியேறினார்கள்.

சொந்த ஊரான புகாராவுக்குத் திரும்பினார்கள். அங்கிருந்த ஆளுநர் காலித் இப்னு அஹ்மத், தம் மாளிகைக்கு வந்து தம் பிள்ளைகளுக்கு நூல்களைக் கற்பிக்குமாறு கோரினார். கல்வியை ஆட்சியாளர்களின் வாசலுக்குச் சுமந்து சென்று இழிவுபடுத்த மாட்டேன் என்னும் கருத்தில் இமாமவர்கள் மறுத்துவிட்டார்கள். பிறந்த ஊரிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். சமர்கந்துக்கு அருகிலுள்ள கர்தங்க் என்னும் சிற்றூரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, ஹிஜ்ரி 256ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் இரவில் அவர்களுடைய உயிர் பிரிந்தது. 13 நாட்கள் குறைய 62 வயது.

அப்படியென்றால் அந்தக் கனவின் பயன் என்ன? அது அவர்களுக்கு மாளிகையைத் தரவில்லை. இறுதி நாட்களில் சொந்த ஊரில் ஓர் இடத்தைக்கூடத் தரவில்லை. ஆனால் அவர்கள் விரும்பியது அவற்றை அன்று. நபிமொழிகளைப் பொய்யிலிருந்து காக்க வேண்டும் என்று விரும்பினார்கள், அது நடந்தது. தமக்காக மட்டும் கண்ட கனவு தம்மோடு முடிந்துவிடும். சமுதாயத்திற்காகக் கண்ட கனவு, கண்டவர் ஊரை விட்டுத் துரத்தப்பட்ட பின்னும் தன் பயணத்தைத் தொடரும்.

அந்தப் பயணம் எத்தகையது என்று பாருங்கள். மாணவர் ஃபிரப்ரீ (ரஹ்) அந்நூலை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சென்றார். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் கரீமா அல்மர்வஸிய்யா (ரஹ்) என்னும் பெண்மணி அதன் நம்பகமான அறிவிப்பாளராகத் திகழ்ந்தார். பக்தாதின் பேரறிஞர் கத்தீப் (ரஹ்) ஹஜ் காலத்தில் அவர் முன் அமர்ந்து ஐந்து நாட்களில் அந்நூலை வாசித்து முடித்தார். பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஆசை என்று கேட்போர் கரீமாவை நினைத்துப் பார்க்கட்டும். இன்று காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடைபெறுகிறது. தமிழ்நாட்டின் அரபுக் கல்லூரிகளில் மாணவர்கள் அந்நூலை ஓதிப் பட்டம் பெறுகின்றனர். தமிழிலும் அது மொழிபெயர்க்கப்பட்டு நம் வீடுகளின் அலமாரிகளில் இருக்கிறது. எங்கோ ஓர் அவையில் ஓர் ஆசிரியர் வெளியிட்ட விருப்பம் இதுவரை வந்து சேர்ந்திருக்கிறது.

நம் வீட்டு அவைகள்

பெற்றோர்களே! இஸ்ஹாக் (ரஹ்) தம் விருப்பத்தை மனத்திற்குள்ளேயே வைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லும் நல்ல விருப்பங்களே பிள்ளைகளின் உள்ளங்களில் கனவுகளாக விழுகின்றன. இன்று நம் வீட்டு அவையில் பிள்ளைகளின் காதில் என்ன விழுகிறது? யார் எவ்வளவு சம்பாதிக்கிறார், யார் எத்தனை சதுர அடியில் வீடு கட்டினார், யார் வீட்டுத் திருமணத்தில் என்ன பரிமாறினார்கள் என்னும் பேச்சுகளே அதிகம். "நம் ஊருக்கு ஒரு நல்ல நூலகம் இருந்தால்...", "நம் தெருப் பெண்களுக்கு ஒரு மருத்துவர் இருந்தால்...", "நம் முன்னோர்களின் பழைய ஏடுகளைப் படித்துச் சொல்ல ஒருவர் இருந்தால்..." என்று நாம் பேசுகிறோமா? பத்துப் பிள்ளைகள் கேட்டு மறந்துவிடுவர். பதினோராவது பிள்ளையின் உள்ளத்தில் அது விழுந்துவிடக்கூடும்.

சம்பாதிப்பது தவறு என்பது இதன் பொருள் அன்று. வாப்பா வளைகுடாவில் உழைத்து அனுப்பும் ஹலாலான பணத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் படிக்கின்றனர். இமாமவர்களின் கல்வியும் தந்தையின் ஹலாலான செல்வத்தில் வளர்ந்ததே. பணம் பாதைக்கு வேண்டிய கட்டுச்சோறு. அதுவே போய்ச் சேரும் ஊர் ஆகிவிடக் கூடாது என்பதே நாம் சொல்ல வருவது.

விதியின் மீது பழியைப் போட்டு ஆசையே வேண்டாம் என்போருக்கும் இமாமவர்களின் நூல்களிலேயே பதில் இருக்கிறது. அல்லாஹ்விடம் கேட்டால் சொர்க்கத்தின் மிக உயர்ந்த படித்தரமான ஃபிர்தவ்ஸைக் கேளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத் நாளே வந்துவிட்டாலும், இயலுமானால் அதை நட்டுவிடுங்கள் என்னும் பொருளுடைய நபிமொழியை 'அல்அதபுல் முஃப்ரத்' நூலில் இமாமவர்கள் பதிவு செய்துள்ளார்கள். கேட்பதில் உயர்ந்ததைக் கேட்க வேண்டும். விளைவைக் காணாவிட்டாலும் நட வேண்டும். ஒரு முஃமினின் கனவுக்கு இவ்விரண்டும் அளவுகோல்கள்.

ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸ், செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்பதைப் பேசுகிறது. இறுதி ஹதீஸ், நாவுக்கு எளிதான, மீஸான் தராசில் கனமான இரண்டு தஸ்பீஹ் வாசகங்களைப் பற்றியது. பதினாறு ஆண்டு உழைப்பைத் தூய நிய்யத்தில் தொடங்கி, அல்லாஹ்வைத் துதிப்பதில் நிறைவு செய்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் கனவுகளும் இந்த இரண்டு எல்லைகளுக்குள் அமையட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களில் உயர்ந்த நாட்டங்களை விதைப்பாயாக! அவற்றுக்காக உழைக்கும் பொறுமையை அவர்களுக்கும், அவற்றை நசுக்கிவிடாத நாவை எங்களுக்கும் தருவாயாக! இமாம் புகாரி (ரஹ்) அவர்களுக்கும் அவர்களைப் பெற்றெடுத்த தாய்க்கும் உன் அருளைப் பொழிவாயாக!

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.